விட்ட புகையைத் திரும்ப இழுக்கும் லாரி

கே.ஜி. சாவடியில் கோவை–பாலக்காடு நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ஒர்க்‌ஷாப். பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் மெக்கானிக் எதையோ அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். டியூப் இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு எஃகுப் பெட்டி. அதில் தண்ணீர் போகும் வாய் இரண்டு, புகை போகும் வாய் இரண்டு. தண்ணீர் வாயில் ஒன்றை அடைத்து, மற்றதில் கம்ப்ரஸர் ஹோஸைச் செருகியிருந்தார். காற்றைத் திறந்ததும் புகை வாயிலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. வரவே கூடாத இடம் அது.

வண்டி என் மச்சானுடையது. 2018 மாடல், பி.எஸ். 4; அதாவது பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதியின் நான்காம் படி. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் வாளையாற்றிலிருந்து பாலக்காடு, ஒற்றப்பாலம் என்று கிட்டத்திலேயே லோடு அடிக்கிற லாரி. இரண்டு மாதமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எஞ்சின் ஆயிலும் பால் மாதிரி மாறவில்லை. வேறொரு இடத்தில் காட்டியபோது, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஹெட்டையே இறக்கி, ஃபேசிங் செய்து, புது கேஸ்கெட் போட்டு, மனம் வலிக்கிற அளவுக்குப் பில் போட்டார்கள். நான்காம் நாள் தண்ணீர் மறுபடி குறைந்தது.

"ஏனுங்ணா, ஹெட்டே இறக்கியாச்சு. அப்புறம் எங்கீங்க போகுது தண்ணி?" என்றான் மச்சான்.

"எஞ்சினே குடிச்சுக்குது தம்பி" என்றார் அவர். பெட்டியைத் தொட்டியிலிருந்து எடுத்து, தண்ணீர் வாய்க்குள் ஸ்குரூடிரைவரை விட்டுக் கிளறினார். வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன. ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிக் காட்டினார். சுண்ணாம்பு.

அந்தப் பெட்டியின் பெயர் இஜிஆர் கூலர். எஞ்சின் எரித்துத் தள்ளிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து, ஆறவைத்து, புதுக் காற்றோடு கலந்து மறுபடி சிலிண்டருக்கே அனுப்பும் ஏற்பாட்டில் அது ஒரு உறுப்பு. புகை எவ்வளவு போகலாம் என்று திறந்து மூடுவது இஜிஆர் வால்வு. முதன்முதலில் கேட்கிற யாருக்கும் இது கிறுக்குத்தனமாகத்தான் படும். எச்சில் இலையை எடுத்து மறுபந்தியில் போடுவது மாதிரி. "நல்லா ஓடுற எஞ்சினுக்குள்ள எதுக்குங்க கரியை விடணும்?" என்ற கேள்வியை இந்த ரோட்டில் ஓட்டுநர்கள் கேட்காத டீக்கடை இல்லை. கேள்வி நியாயமானது. பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவில் இருக்கிறது.

நாம் இழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். சும்மா கிடக்கிற வாயு; சாதாரணச் சூட்டில் யாரோடும் சேராது. ஆனால் டீசல் தீப்பிடிக்கும் நொடியில் சிலிண்டருக்குள் சில இடங்களில் சூடு 2000 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்துக்கொள்கின்றன. பிறப்பது நைட்ரஜன் ஆக்சைடுகள்; சுருக்கமாக நாக்ஸ். 1600 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு படி சூடு ஏறும்போதும் இதன் உற்பத்தி மளமளவென்று கூடும். மூச்சுக்குழலை எரிக்கும். வெயிலில் மற்ற புகைகளோடு சேர்ந்து ஓசோனாகும். காற்றிலேயே நுண்துகளாகவும் மாறும். இதில் ஒரு வேடிக்கை, நாக்ஸ் கெட்ட டீசலாலோ கெட்ட எஞ்சினாலோ வருவதில்லை. எரிப்பு எவ்வளவு சூடாக, எவ்வளவு திறமையாக நடக்கிறதோ அவ்வளவு நாக்ஸ். நல்ல எஞ்சினின் பாவம் அது.

அதைக் குறைக்க வேண்டுமானால் தீயின் உச்சச் சூட்டைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். அதற்கு ஆகிவந்த பொருள் எரிந்து முடிந்த புகையேதான். அதில் இருக்கும் கரியமில வாயுவும் நீராவியும் இனி எரியாது. ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கூடவே, அவை பிடித்துக்கொண்ட இடத்தின் அளவுக்கு ஆக்சிஜனும் குறைகிறது. தீ கொஞ்சம் சோம்பலாக எரிகிறது. நாக்ஸ் பாதிக்குக் கீழேகூட இறங்கும்.

சரி, ஆக்சிஜன் குறைந்தால் எஞ்சின் திணறாதா? விறகடுப்பை ஊதுகுழலால் ஊதியவர்களுக்கு இதற்கு விடை தெரியும். நாம் ஊதுவது ஒருமுறை நுரையீரலுக்குள் போய்வந்த மூச்சுதான். ஆனாலும் தீ பற்றுகிறது, ஏனென்றால் அதில் ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கிறது. டீசல் எஞ்சினும் தனக்குத் தேவையானதைவிட அதிகக் காற்றை இழுத்துத்தான் எரிக்கும். காலி வண்டியாக, மெதுவாக ஓடும்போது அதன் புகையில் ஏராளமான ஆக்சிஜன் மீதி. அந்த நேரத்தில் நிறையப் புகையைத் திருப்பி விடலாம். முழு லோடோடு ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறும்போது மீதி சொற்பம். அப்போது எஞ்சின் கம்ப்யூட்டர் வால்வைப் பெரும்பாலும் சாத்திவிடும். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதும் பொதுவாகத் திறக்காது. எந்நேரமும் கரியை ஊட்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு இல்லை இது. நாளெல்லாம் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் ஒரு கதவு.

புகையை அப்படியே விட்டால் காரியம் கெடும். லோடில் அது 500, 600 டிகிரியில் வரும். அந்தச் சூட்டோடு உள்ளே போனால் தீயைத் தணிப்பதற்குப் பதில் சூட்டை ஏற்றிவிடும். விரிந்த வாயு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் நடுவில் கூலர். ரேடியேட்டரில் சுற்றும் அதே தண்ணீர் கூலர் குழாய்களைச் சூழ்ந்து ஓடி, புகையின் சூட்டைப் பெரிய அளவில் இறக்கிவிடுகிறது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் மிகச் சூடான வாயுவும் ரேடியேட்டர் தண்ணீரும் ஒரு மெல்லிய எஃகுச் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஓடுகின்றன. கூலர் என்பது அவ்வளவுதான்.

நாக்ஸைக் குறைத்தால் கரி கூடும். டீசல் எஞ்சினின் பழைய தலைவலி இது. தீ சோம்பலாக எரிந்தால் எரியாத கார்பன் துகள் மிஞ்சும். சுறுசுறுப்பாக எரிந்தால் நாக்ஸ் மிஞ்சும். தராசில் ஒரு தட்டை அமுக்கினால் மறுதட்டு எழும். காமன் ரெயில் என்ற உயர் அழுத்த டீசல் ஏற்பாடு வந்து, டீசலை ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் பனித்தூறலாகத் தூவ முடிந்த பிறகுதான் இரண்டு தட்டையும் ஒரே நேரத்தில் ஓரளவு கீழே வைக்க முடிந்தது.

அமெரிக்காவில் கார்களுக்கு இஜிஆர் 1970களிலேயே வந்துவிட்டது. கனரக லாரிகளுக்குக் கூலரோடு கூடிய இஜிஆர் 2002 அக்டோபரில் வந்தது. வந்த விதம் சுவாரஸ்யமானது. சோதனைக்கூடத்தில் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் நாக்ஸை அள்ளிவிடும்படி எஞ்சின் கம்ப்யூட்டரை அமைத்திருந்தார்கள் என்று ஏழு எஞ்சின் நிறுவனங்கள் மீது அரசு வழக்குப் போட்டு, 1998இல் ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. 2004இல் வரவேண்டிய விதியை முன்கூட்டியே நிறைவேற்றுவதும் அதில் ஒரு நிபந்தனை. ஆயில் டப்பாவின் மேல் சிஐ-4 என்று போட்டிருக்கிறதே, அந்தத் தரம் பிறந்ததும் அதே 2002இல்தான். இஜிஆர் எஞ்சினில் ஆயிலுக்குள் கரியும் அமிலமும் அதிகம் சேரும் என்பதால் அதைத் தாங்கவென்றே உருவாக்கியது. விலை குறைவு என்று பழைய தரத்து ஆயிலை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் கணக்கு இப்படிப் போனது. கனரக டீசல் எஞ்சினுக்கு நாக்ஸ் வரம்பு பி.எஸ். 3இல் ஒரு கிலோவாட் மணிக்கு 5 கிராம். பி.எஸ். 4இல் 3.5 கிராம். பி.எஸ். 5ஐத் தாண்டிக் குதித்து வந்த பி.எஸ். 6இல் எஞ்சினை நிலையான வேகங்களில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு 0.4 கிராம். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கிலிருந்து 50க்கும், பிறகு 10க்கும் இறங்கியது. கந்தகம் இறங்காமல் இஜிஆர் கூலரைப் பெரிதாக நம்பியிருக்க முடியாது. கந்தகப் புகை கூலருக்குள் குளிர்ந்தால் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகிவிடும், எஃகை அரிக்கும்.

பி.எஸ். 4க்கு நிறுவனங்கள் முன் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எஞ்சினைச் சூடாகவே ஓடவிட்டு, வந்த நாக்ஸைச் சைலன்சரில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜனாக மாற்றுவது. இன்னொன்று, இஜிஆரால் பிறக்கும்போதே குறைப்பது. முதல் வழியில் மைலேஜ் நன்றாக இருக்கும். ஆனால் யூரியாவைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அசோக் லேலண்ட் 2017இல் 'ஐஇஜிஆர்' என்று பெயர் வைத்து இரண்டாவது வழியில் இறங்கியபோது, யூரியா வேண்டாம் என்பதே பெரிய விளம்பரமாக இருந்தது. ஓட்டுநருக்குத் தனி வேலை எதுவும் இல்லை என்ற அர்த்தத்தில் அது உண்மையும்கூட. ஆனால் வேலை இல்லாமல் போகவில்லை. யூரியாத் தொட்டியிலிருந்து ரேடியேட்டருக்கு இடம் மாறியது. அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2017 என்றதும் இந்த எல்லையில் இன்னொரு நினைவும் வரும். ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4, அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29 அன்று, பழைய பி.எஸ். 3 வண்டிகளை இனி விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி. வாளையாற்றில் வணிகவரிச் சாவடி போனது. அதற்கு முன்னால் அங்கே லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பில் சீல் ஆகிற வரை மணிக்கணக்கில் நிற்கும், அடி அடியாக நகரும், எஞ்சினை அணைத்து அணைத்துப் போடச் சலித்துப்போய் ஐடிலிங்கிலேயே விட்டுவிடுவார்கள். இஜிஆருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வால்வு திறந்திருக்கும் வேளையில் எஞ்சின் சூடேறாமல் மந்தமாக ஓடினால் புகை குளிர்ந்து, அதில் உள்ள கரி ஈரப்பதத்தோடும் எரியாத டீசலோடும் சேர்ந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அதன்மேல் படியும். கரியும் ஆயிலும் குழைந்து, பார்க்கப் பாகுப் பதத்தில் ஒரு தார். சிலிண்டருக்குக் காற்று போகும் மேனிபோல்டைக் கழற்றினால் கட்டைவிரல் போகிற வழி சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

பி.எஸ். 4 லாரிகள் பெருகியபோது அந்த வரிசை போய்விட்டது. இதை நான் ஒரு அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். மோட்டார் வாகனத் துறைச் சாவடி இருக்கத்தான் செய்தது, பாலக்காடு–திருச்சூர் சாலையின் குதிரானில் 2021 ஜூலை கடைசியில் முதல் சுரங்கம் திறக்கும்வரை மலைமேல் ஊர்வதும் இருந்தது. ஆனாலும் பழைய வரிசைக்கு அதெல்லாம் ஈடாகாது.

மலை ஏறுகிற வண்டிக்குத்தான் இஜிஆர் சீக்கிரம் அடைக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. செங்கோட்டைப் பக்கம் புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு லோடோடு மலை ஏறும் லாரியில் புகை கொதிக்கும், வால்வு பெரும்பாலும் மூடியிருக்கும், ஒட்டியிருந்த கரியில் கொஞ்சம் எரிந்தும் போகும். பாலக்காட்டுக் கணவாய் அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையே சுமார் 30 கிலோமீட்டருக்கு வழிவிட்டு நிற்கிற சமதரை. பாதி லோடில், 20, 30 கிலோமீட்டர் ஓட்டத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே இறக்க வேண்டிய இடம் வந்துவிடும். கிட்டத்து டிரிப் அடிக்கிற வண்டிகளுக்குத்தான் கரி சேர்கிறது. வாரத்துக்கு ஒருமுறையாவது லோடோடு நீளமாக, நல்ல வேகத்தில் ஓடினால் அதுவே பாதி வைத்தியம்.

வால்வு திறந்தபடியே சிக்கினால் தெரிந்துவிடும்: கரும்புகை, கிளம்பும்போது பிக்கப் இல்லை, ஐடிலிங்கில் எஞ்சின் உதறும், விளக்கு எரியும். மூடியபடி சிக்கினால் ஓட்டுநருக்கு ஒன்றுமே தெரியாது. வண்டி குஷியாகவே ஓடும். எரிப்புச் சத்தம் கொஞ்சம் கணீரென்று இருக்கும், நாக்ஸ் கூடியிருக்கும், அவ்வளவே. சிக்கிய வால்வை ஸ்குரூடிரைவரால் நெம்புவதைவிட, கிளீனர் திரவத்தில் ஊறவைத்துத் துடைப்பது நல்லது. உள்ளே மின்மோட்டாரும் நிலை சொல்லும் சென்சாரும் இருக்கின்றன. மாட்டிய பிறகு ஸ்கேனர் போட்டு வால்வின் திறப்பையும் மூடலையும் கம்ப்யூட்டருக்குத் திரும்பப் பழக்க வேண்டிய எஞ்சின்களும் உண்டு. அதைச் செய்யாமல் விட்டுப் புது வால்வையே குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரியாவது கழுவினால் போகும். கூலரைக் கொல்வது தண்ணீர்.

மதுக்கரையிலும் வாளையாற்றிலும் சிமென்ட் ஆலைகள் ஏன் வந்தன? இந்தப் பூமிக்குள் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அதேதான் இதுவும். தண்ணீரைக் காய்ச்சினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து சூடான இடத்தில் படியும். லாரியில் தண்ணீர் தொடுகிற இடங்களில் மிகச் சூடானவற்றில் ஒன்று இஜிஆர் கூலரின் புகை நுழைகிற முனை. அங்கே ஒரு பொருக்குப் படிந்தால் எஃகின் சூட்டைத் தண்ணீரால் வாங்க முடியாது. எஃகு அளவுக்கு மீறிக் காயும். தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கொதித்து ஆவியாகும். சூடும் குளிரும் மாறி மாறி வந்து பற்றவைப்பு வழியே மயிரிழை விரிசல் விடும். கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பான் வெறும் தண்ணீரில் இல்லை என்பதால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

மச்சானின் வண்டியில் நடந்தது அதுதான். கம்பெனி நிரப்பிய கூலன்ட் எப்போதோ ஹோஸ் மாற்றும்போது கொட்டப்பட்டது. பிறகு குறையக் குறைய டீக்கடைக் குழாயிலும், பெட்ரோல் பங்க்கிலும் பிடித்த தண்ணீர். பழைய லாரியில் அவன் அப்பா முப்பது வருடம் அப்படித்தான் ஊற்றினார், ஒன்றும் ஆகவில்லை. அந்த எஞ்சினில் தண்ணீருக்கு இவ்வளவு சூடான சுவர் எதுவும் இல்லை என்பதுதான் வித்தியாசம். "சிறுவாணித் தண்ணிதாங்ணா ஊத்தினேன்" என்று கடைசியில் ஒரு சமாதானம் சொன்னான். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். ரேடியேட்டருக்கு கூலன்ட்தான்.

ஹெட் கேஸ்கெட் என்று முதலில் ஏமாந்ததற்கும் காரணம் உண்டு. விரிசல் வழியாக எஞ்சின் ஓடும்போது புகை தண்ணீருக்குள் புகும். எக்ஸ்பான்ஷன் டேங்கில் குமிழி வரும். வண்டி நின்றதும் ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் அழுத்தம் தண்ணீரைப் புகைப் பாதைக்குள் தள்ளும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை. இரண்டுமே ஹெட் கேஸ்கெட் போனதற்கும் அடையாளம். எனவே தண்ணீர் மாயமாகிற இஜிஆர் வண்டியில் ஹெட்டைத் தொடும் முன் கூலரைக் கழற்றித் தொட்டியில் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. தள்ளிப்போட்டால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கசிந்த தண்ணீர் ஒரு சிலிண்டரில் தேங்கிவிட்டால், காலையில் செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் அதை நசுக்கப் பார்க்கும். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

இவ்வளவு தொல்லை இருக்கும்போது குறுக்கு வழி பிறக்காமல் இருக்குமா? கேஸ்கெட் வடிவத்தில் ஒரு தகட்டை வெட்டி, வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் வைத்து இறுக்கிவிடுவது. விளக்கு எரிந்தால் லேப்டாப் கொண்டுவந்து சாஃப்ட்வேரில் இஜிஆரையே அழித்துவிடுவது. "பிளேட் போட்டதும் வண்டி பறக்குதுங்க" என்பார்கள். பறக்கிறது உண்மைதான், ஆனால் அது எதனால்? ஏற்கெனவே கரி அடைத்துத் திறந்தபடி நின்ற வால்வு திடீரென்று மூடியதால். கழுவி மாட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே பிக்கப் வந்திருக்கும். தயாரித்த நிறுவனம் பதிவு செய்த அமைப்பை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்பதைப் பிளேட் போடுகிறவர் சொல்வதில்லை.

பிடிபடுவார்களா என்றால், பி.எஸ். 4 வண்டியில் பெரும்பாலும் மாட்டார்கள். புகைச் சான்றிதழுக்கு டீசல் வண்டியில் என்ன பார்க்கிறார்கள்? ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, சைலன்சரில் கம்பியை விட்டு, புகை எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். பழைய வண்டிக்கு 65 அலகு, பி.எஸ். 4க்கு 50. நாக்ஸை அளப்பதே இல்லை. நாக்ஸுக்கு அங்கே தெரிகிற நிறமும் இல்லை. வால்வு சிக்கிக் கரும்புகை விட்ட வண்டி, பிளேட் போட்ட பிறகு இந்தச் சோதனையில் இன்னும் நல்ல மதிப்பெண் வாங்கும். கூலருக்குச் செலவு செய்த என் மச்சானும், தகட்டைச் சொருகிய பக்கத்து வண்டிக்காரரும் ஒரே சான்றிதழோடுதான் வருவார்கள். செலவு லாரிக்காரர் பாக்கெட்டில், பலன் ரோட்டோர வீடுகளின் மூச்சில்; இப்படி ஒரு பொருளைக் கண்காணிப்பே இல்லாமல் விட்டால் தகடு ஜெயிக்கத்தான் செய்யும். லாரிக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்?

பி.எஸ். 6 அந்த ஓட்டையை வண்டிக்குள்ளேயே அடைத்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் வந்த லாரிகளில் பலவற்றில் இஜிஆர், யூரியா இரண்டுமே உண்டு. கரியைப் பிடிக்கச் சைலன்சரில் வடிகட்டியும் உண்டு. நாக்ஸை முகரும் சென்சார் இருக்கிறது. இஜிஆரை அடைத்தால் நாக்ஸ் ஏறும், கம்ப்யூட்டர் யூரியாவைக் கூடுதலாகத் தெளிக்கும், அதுவும் போதாதபோது விளக்கைப் போடும், அப்புறம் இழுவையைக் குறைக்கும். ரோட்டில் யாரும் கை காட்டி நிறுத்த வேண்டியதில்லை.

புதுக் கூலர் வந்து மாட்டியாயிற்று. அதற்கு முன் மூன்று முறை பிளாக்கைக் கழுவி, வெள்ளையாக வருவது நிற்கும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கலந்தே வரும் கூலன்ட் டப்பாக்களை மச்சான் வரிசையாக ஊற்றினான். கேபினில் எப்போதும் தொங்கும் பழைய ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மெக்கானிக் எடுத்து, மூடிமேல் மார்க்கரால் பெரிதாக எழுதிக் கொடுத்தார்: குளிக்க மட்டும்.